‘எஃப்’ அல்ல, ‘எல்’: மாணவர் இணைப்பில் வந்த சர்க்யூட் பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பது வருடத்துக்கு மேலாக உங்கள் நாளிதழை வாங்குகிறேன். குறுக்கெழுத்து என் மனைவிக்கு, மாணவர் இணைப்பு பேத்திக்கு, மிச்சமெல்லாம் எனக்கு. இத்தனை வருடத்தில் உங்களுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று தோன்றியதில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம் என் பேத்தியின் ஆள்காட்டி விரலில் வந்த ஒரு சின்னக் கொப்புளம்.

இரண்டு வாரத்துக்கு முன் மாணவர் இணைப்பில், மண் காய்ந்தால் தானாகவே செடிக்குத் தண்ணீர் ஊற்றும் கருவி ஒன்றின் செய்முறை வந்திருந்தது. மண்ணில் குத்தும் ஒரு சென்சார், புரோகிராம் போட்டு ஓட்டும் நோட்எம்சியு என்ற சின்ன போர்டு, பம்ப்புக்கு ஸ்விட்சாக மாஸ்ஃபெட் என்ற மூன்று கால் பாகம், 12 வோல்ட் பம்ப். அவ்வளவுதான். பேத்தி ஒன்பதாம் வகுப்பு. எங்கள் மாடியில் சிமெண்ட் சாக்கில் கறிவேப்பிலையும் மல்லிகையும் வளர்க்கிறோம். கோவில்பட்டி வெயிலில் இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் செடி சுருண்டுவிடும். அதனால் அவளுக்கு இந்தக் கருவி ரொம்பப் பிடித்துவிட்டது. நீங்கள் அச்சிட்ட பட்டியலைக் கடைக்கு எடுத்துப் போய் ஒவ்வொன்றாக டிக் அடித்து வாங்கி வந்தாள். பேட்டரி மட்டும் என்னுடையது. பழைய யு.பி.எஸ்.ஸில் இருந்து கழற்றிய 12 வோல்ட், 7 ஏ.ஹெச். பேட்டரி.

படத்தில் இருந்தபடியே ஒரு ஒயர் மாறாமல் இணைத்தாள். பம்ப் முனகியது. தண்ணீர் ஏறவில்லை. எங்கே கோளாறு என்று ஒவ்வொரு பாகமாகத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். மாஸ்ஃபெட்டின் முதுகுத் தகட்டில் விரல் பட்டதும் அலறினாள். “தாத்தா, நான்தான் ஏதோ தப்பா மாட்டிட்டேன்” என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

அவள் மாட்டியதில் தப்பே இல்லை. தப்பு நீங்கள் அச்சிட்ட மாஸ்ஃபெட் நம்பரில் இருக்கிறது.

நான் பள்ளிப் படிப்போடு நிறுத்தியவன். முதலில் ரேடியோ, அப்புறம் டி.வி., கடைசி இருபது வருடம் இன்வெர்ட்டர் ரிப்பேர். நான் தொழில் கற்ற காலத்தில் இன்வெர்ட்டருக்குள் 2என்3055 டிரான்சிஸ்டர்கள்தான் வரிசையாக நிற்கும். அதற்குத் தீனி போட்டு மாளாது. 4 ஆம்பியர் ஓட்ட வேண்டும் என்றால் அதன் பேஸ் என்ற காலுக்கு மட்டும் 200 மில்லி ஆம்பியர் வரை படியளக்க வேண்டியிருக்கும். பிறகு மாஸ்ஃபெட் வந்தது. 1959-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் முகமது அட்டல்லா, டாவன் காங் என்ற இருவர் உருவாக்கியது என்று பிற்பாடு படித்தேன். ஒருவர் எகிப்தில் பிறந்தவர், இன்னொருவர் கொரியாக்காரர். என் மேசைக்கு அது வந்து சேரப் பல வருடம் ஆயிற்று. முதலில் எனக்கு அதன் மேல் நம்பிக்கையே வரவில்லை. கேட் என்ற காலுக்குள் கரண்ட் போகவே போகாது என்றார்கள். உள்ளே கண்ணாடி மாதிரி மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று தடுத்துக்கொண்டிருக்கிறது. கேட்டுக்கும் சோர்ஸ் என்ற காலுக்கும் நடுவே வோல்டேஜ் இருந்தால் போதும், டிரெயின் என்ற மூன்றாவது காலில் இருந்து சோர்ஸுக்குப் பாதை திறக்கும். கரண்ட்டே வாங்காமல் எப்படிடா வேலை செய்யும் என்று கூடப் பழகியவர்களிடம் சண்டை போட்டிருக்கிறேன். பிறகு நானே ஆயிரக்கணக்கில் மாற்றிவிட்டேன்.

ஆகவே மாஸ்ஃபெட்டை ஸ்விட்சாகப் போட்டது சரியான தேர்வுதான். நோட்எம்சியு போர்டில் ‘பின்’ என்று சொல்லும் இணைப்புக் கால் ஒன்று சுமார் 12 மில்லி ஆம்பியர்தான் தாங்கும். அதைக் கொண்டு ஒரு ஆம்பியர் பம்ப்பை ஓட்ட மாஸ்ஃபெட்டைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் எந்த மாஸ்ஃபெட்? நீங்கள் போட்டிருந்தது ஐஆர்எஃப்இசட்44என். கடையில் ‘இசட் நாப்பத்திநாலு’ என்றால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். 55 வோல்ட், 49 ஆம்பியர் என்று டேட்டாஷீட்டில், அதாவது கம்பெனி கொடுக்கும் விவரத்தாளில், கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். 49 ஆம்பியர் தாங்குவது ஒரு ஆம்பியர் பம்ப்புக்குப் போதாதா என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அதே டேட்டாஷீட்டில் கீழே இன்னும் இரண்டு வரி இருக்கிறது. ஒன்று, கேட் திறக்க ஆரம்பிக்கும் வோல்டேஜ்: 2 முதல் 4 வரை. படம் போட்டவர் இதைப் பார்த்துத்தான் ஏமாந்திருக்க வேண்டும். போர்டு 3.3 வோல்ட் கொடுக்கிறது, மாஸ்ஃபெட் 2 வோல்ட்டிலேயே திறந்துவிடும் என்று கணக்குப் போட்டிருப்பார். ஆனால் அந்த வரியின் ஓரத்தில் 250 மைக்ரோ ஆம்பியர் என்று பொடி எழுத்தில் நிபந்தனை ஒன்று இருக்கிறது. அந்த வோல்டேஜில் அதற்குள் ஓடுவது கால் மில்லி ஆம்பியர். எங்கள் பம்ப்புக்கு வேண்டியது 1.2 ஆம்பியர். அதாவது 4,800 மடங்கு.

எங்கள் ஊரில் குடிதண்ணீருக்குக் காத்திருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். குழாய் முதலில் உஸ்ஸென்று காற்று விடும். சத்தம் கேட்டதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். தண்ணீர் வரப்போகிறது என்பதற்குத்தான் அந்தச் சத்தம். குடம் நிறைந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. திறக்க ஆரம்பிக்கும் வோல்டேஜ் என்பது அந்த உஸ்தான்.

இரண்டாவது வரியில்தான் விஷயம் இருக்கிறது. முழுதாகத் திறந்தபின் டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவே உள்ள தடை 17.5 மில்லி ஓம் என்றும், அது கேட்டில் 10 வோல்ட் கொடுத்தால்தான் என்றும் எழுதியிருக்கிறது. 3.3 வோல்ட்டில் எவ்வளவு என்று அந்தத் தாளில் எங்குமே சொல்லவில்லை. அவர்கள் சொல்லாத இடத்தில் நாம் ஆசைப்படக் கூடாது.

பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்து மீட்டரில் அளந்து காட்டினேன். பேட்டரி 12 வோல்ட் சொச்சம். பம்ப்பின் இரு முனையில் 6 வோல்ட்தான் நின்றது. மீதி 6 வோல்ட் மாஸ்ஃபெட்டின் மேல். கரண்ட் 0.7 ஆம்பியர். ஆறை 0.7-ஆல் பெருக்கச் சொன்னேன். “4.2 வாட்” என்றாள். என் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட். அதில் ஆறில் ஒரு பங்குச் சூடு ஒரு விரல்நகம் அளவு பாகத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் தகடு இல்லாத அந்த உடம்பு ஒவ்வொரு வாட்டுக்கும் சுமார் 62 டிகிரி சூடேறும். நாலு வாட்டுக்கு எவ்வளவு என்று அவளே கணக்குப் போட்டுவிட்டு விரலை ஊதிக்கொண்டாள். சில நொடியில் பேட்டரியைக் கழற்றியதால் அது பிழைத்தது. முழுதாகத் திறந்திருந்தால் 1.2 ஆம்பியருக்கு 0.025 வாட்தான். தொட்டால் சூடே தெரியாது. ஸ்விட்ச் திறந்தால் முழுதாகத் திறக்க வேண்டும், மூடினால் முழுதாக மூட வேண்டும். நடுவில் நின்றால் அது ஸ்விட்ச் இல்லை, ஹீட்டர்.

இதில் இன்னொரு சங்கடம். “என் ஃபிரெண்டு வீட்ல இதே படம், இதே நம்பர், நல்லா ஓடுதே தாத்தா” என்றாள். போனில் காட்டினாள். நிஜமாகவே ஓடியது. பொய் இல்லை. 2 முதல் 4 வரை என்றால் ஒவ்வொரு பீஸும் ஒவ்வொரு மாதிரி என்று அர்த்தம். தோழிக்குக் கிடைத்தது 2 பக்கம் சாய்ந்த பீஸ், இவளுக்குக் கிடைத்தது 4 பக்கம் சாய்ந்தது. உங்கள் கட்டுரையாளர் மேசையிலும் அது ஓடியிருக்கும், சந்தேகமில்லை. ஒரு பீஸை வைத்துச் சோதித்துவிட்டு ஊர் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொன்னதுதான் பிரச்சினை. ஓடியவன் தன்னைக் கெட்டிக்காரன் என்று நினைப்பான், ஓடாதவள் தன்னை மக்கு என்று நினைப்பாள்.

சரியான நம்பர் ஐஆர்எல்இசட்44என். மூன்றாவது எழுத்து மட்டும் மாறுகிறது: எஃப் இருக்கும் இடத்தில் எல். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், கால் வரிசையும் அதேதான். இது 1 முதல் 2 வோல்ட்டுக்குள் திறக்க ஆரம்பித்துவிடும். 5 வோல்ட்டில் 25 மில்லி ஓம், 4 வோல்ட்டில் 35 மில்லி ஓம் என்று டேட்டாஷீட்டிலேயே உத்தரவாதம் கொடுக்கிறார்கள். நியாயமாகப் பார்த்தால் 3.3 வோல்ட்டுக்கு இதிலும் எழுத்தில் உத்தரவாதம் இல்லை. ஆனால் ஒரு ஆம்பியர் வேலைக்கு எனக்கு இதுவரை சூடானதில்லை. எழுத்தில்தான் வேண்டும் என்பவர்கள் ஏஓ3400 வாங்கலாம், அதற்கு 2.5 வோல்ட்டிலேயே தடை எவ்வளவு என்று கொடுத்திருக்கிறார்கள். அரிசி மணி சைஸில் இருக்கும், பிள்ளைகள் கையால் ஈயம் வைப்பது கஷ்டம்.

எங்கள் ஊர்க் கடையில் எல் நம்பர் இல்லை. மதுரையில் சொல்லி வைத்துவிட்டு, அதுவரை சும்மா இருப்பானேன் என்று என் கைவரிசையைக் காட்டினேன். இதைச் சொல்லாமல் விட்டால் என் மனைவியே உங்களுக்குத் தனிக் கடிதம் போட்டுவிடுவாள்.

வீட்டில் இருந்த பிசி547 டிரான்சிஸ்டர் ஒன்றை நடுவில் வைத்தேன். மாஸ்ஃபெட்டின் கேட்டை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பேட்டரியின் 12 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்டினேன். பின்னில் வோல்டேஜ் வந்தால் பிசி547 கேட்டைக் கீழே இழுத்துப் பம்ப்பை நிறுத்தும். வோல்டேஜ் போனால் கேட்டுக்கு முழு 12 வோல்ட் கிடைத்துப் பம்ப் ஓடும். தலைகீழ் வேலைதான், அதற்கேற்ப புரோகிராமைப் பேத்தி மாற்றிவிட்டாள். பழைய எஃப் நம்பரே இப்போது ஜில்லென்று இருந்தது. பம்ப் பிய்த்துக்கொண்டு அடித்தது. “பேப்பர்க்காரர்களுக்கு இது தெரியவில்லையே” என்று மீசையைத் தடவிக்கொண்டு படுத்தேன்.

ராத்திரி கரண்ட் போனது. நோட்எம்சியு போர்டு செல்போன் சார்ஜரில் ஓடிக்கொண்டிருந்தது. சார்ஜர் அணைந்தது, போர்டு செத்தது, பின்னில் வோல்டேஜ் இல்லை. பேட்டரி மட்டும் உயிரோடு இருக்கிறது. பம்ப்புக்கு வேறென்ன வேலை? டிரம்மில் இருந்த அத்தனை தண்ணீரும் கறிவேப்பிலைச் சாக்கு வழியாக மாடிப்படியில் இறங்கிப் பக்கத்து வீட்டு வாசல் வரை போய்விட்டது. தண்ணீர் அருமையான ஊர் இது. “இருபது வருஷம் ஊரான் வீட்டு இன்வெர்ட்டரைச் சரி பண்ணினீங்க, கரண்ட் போகும்னு உங்களுக்குத் தோணலையா?” என்று என் மனைவி கேட்டாள். பதில் சொல்லவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். “ஆச்சி, தாத்தாவைத் திட்டாதீங்க” என்று பேத்தி மட்டும் எனக்காகப் பேசினாள்.

உங்கள் படத்தின் இரண்டாவது குறையும் இந்த ஜாதிதான். கேட்டை நேராகப் பின்னோடு இணைத்து விட்டுவிட்டீர்கள். போர்டு உயிரோடு இருக்கும்போது சரி. போர்டு ஆன் ஆகி விழிக்கும் அந்த நொடியில், அல்லது ஒயர் ஒன்று கழன்றால், கேட் யார் பேச்சையும் கேட்காமல் அந்தரத்தில் நிற்கும். இதைப் பேத்திக்கு ஒரு எல்.இ.டி.யை வைத்துக் காட்டினேன். பம்ப்புக்குப் பதில் எல்.இ.டி., கூட ஒரு 470 ஓம் ரெசிஸ்டர், 9 வோல்ட் பேட்டரி. கேட்டில் எதையும் மாட்டாதே. ஒரு விரல் பேட்டரியின் பிளஸில், இன்னொரு விரல் கேட்டில். எல்.இ.டி. எரியும். கையை எடுத்துவிடு, எரிந்துகொண்டே இருக்கும். இப்போது ஒரு விரல் மைனஸில், ஒரு விரல் கேட்டில். அணையும். விரல் வழியாகப் போன துளி மின்னூட்டத்தைக் கேட் பிடித்து வைத்துக்கொள்கிறது. நாங்கள் கீழே போய் மோர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் எரிந்துகொண்டிருந்தது. பேத்தி அன்று ராத்திரி வரை வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் இதைச் செய்து காட்டினாள். விரலுக்கே திறக்கும் கதவை அந்தரத்தில் விடலாமா? கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் போதும், யாரும் சொல்லாதபோது ஸ்விட்ச் மூடியே கிடக்கும். பின்னுக்கும் கேட்டுக்கும் நடுவே 220 ஓம் ஒன்று போட்டால் பின்னுக்கும் பாதுகாப்பு. இரண்டும் சேர்ந்து ஒரு மிட்டாய் விலைகூட ஆகாது.

மூன்றாவது, பம்ப் மோட்டாருக்குக் குறுக்கே டயோடு, அதாவது ஒரு பக்கம் மட்டும் கரண்ட் விடும் பாகம், இல்லை. ஸ்விட்ச் மூடும்போது மோட்டாரின் சுருள் திருப்பி உதைக்கும், அந்த உதை மாஸ்ஃபெட்டின் மேல்தான் விழும். ஒரு 1என்4007 போதும். அதன் வெள்ளிக் கோடு பேட்டரியின் பிளஸ் பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் பேட்டரியே ஷார்ட் ஆகும், ஆகவே படத்தில் கோட்டைத் தெளிவாக வரையச் சொல்லுங்கள்.

இதெல்லாம் போகட்டும். நான் கோபப்பட்டது கட்டுரையின் கடைசி வரிக்குத்தான். “இதே முறையில் வீட்டு மின்விளக்கு, மின்விசிறி ஆகியவற்றையும் இயக்கலாம்” என்று முடித்திருந்தீர்கள். ஐயா, கூடவே கூடாது. வீட்டு லைன் 230 வோல்ட் என்கிறோம், அதன் உச்சி 325 வோல்ட் வரை போகும். இந்த மாஸ்ஃபெட் தாங்குவது 55. பொருத்திய கணத்திலேயே போய்விடும். அதிக வோல்ட் தாங்கும் மாஸ்ஃபெட்டை வாங்கினாலும் ஆகாது, ஏனென்றால் அதற்குள்ளேயே சோர்ஸில் இருந்து டிரெயினுக்கு ஒரு டயோடு இயற்கையாக அமைந்திருக்கிறது. ஏ.சி.யில் பாதி நேரம் கரண்ட் அந்த வழியே போய்க்கொண்டிருக்கும், நிறுத்தவே முடியாது. அதைவிடப் பெரிய ஆபத்து, இந்தப் படத்தில் போர்டின் மைனஸும் பம்ப் பக்க மைனஸும் ஒன்றாக இணைந்திருக்கின்றன. 12 வோல்ட்டில் அப்படித்தான் இணைக்க வேண்டும், இணைக்காவிட்டால் ஓடாது. அதே இணைப்பை வீட்டு லைனில் செய்தால், பிள்ளை கையில் இருக்கும் யு.எஸ்.பி. ஒயர் வரை 230 வோல்ட் வந்து நிற்கும். கொப்புளத்தோடு போகாது. வீட்டு லைனுக்கு என்றே ரிலே போர்டு விற்கிறது. அதையும் ஒயரிங் தெரிந்த பெரியவர் ஒருவர்தான் தொட வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. திருத்தத்தைச் செய்திப் பக்கத்தின் அடியில் நாலு வரியாகப் போடாதீர்கள். பிள்ளைகள் அங்கே பார்ப்பதில்லை. மாணவர் இணைப்பிலேயே, படத்தோடு, அந்தக் கடைசி வரியை வாபஸ் வாங்குவதாகச் சொல்லிப் போடுங்கள். இரண்டாவது, இனி எந்த சர்க்யூட்டையும் அச்சிடும் முன், உங்கள் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு புதிதாக யாராவது ஒருவர் கடைக்குப் போய் வாங்கி, அதே பாகத்தில் மூன்று நான்கு பீஸ் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு நாள் வேலை. ஆள் கிடைக்காவிட்டால் எனக்கு அனுப்புங்கள், கூலி வேண்டாம். பேத்திக்குப் பள்ளி விடுமுறை நாளாக இருந்தால் இன்னும் நல்லது.

போன வாரம் மதுரையில் இருந்து எல் நம்பர் வந்துவிட்டது. பிசி547-ஐக் கழற்றிவிட்டுப் பேத்தியே மாற்றினாள். மாற்றியதும் முதல் வேலையாகச் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிடம் பம்ப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டு வரவில்லை. திருத்திய படத்தை அவளே ஸ்கேல் வைத்து வரைந்திருக்கிறாள், இத்துடன் இணைத்திருக்கிறேன். அச்சிடுவதாக இருந்தால் டயோடின் கோடு இருக்கும் பக்கத்தை மட்டும் உங்கள் ஓவியர் மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ஓய்வுபெற்ற இன்வெர்ட்டர் மெக்கானிக்,
கோவில்பட்டி